ஐயாயிரம் நண்பர்கள்

துக்ம், ஓமன்
9.6.2024

பாசமுள்ள அக்கா செல்வராணிக்கு,

தம்பி உதயசூரியன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் இலக்கியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பத்து நாளாக உன் போனுக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. ஸ்விட்ச் ஆஃப் என்றே சொல்கிறது. இலக்கியா நம்பரும் அப்படித்தான். என் அறையில் இருக்கிற ஆவூர் அடைக்கலம்தான், "கடுதாசி போடுங்கண்ணே, தபால்காரருக்கும் வேலை வேணும்ல" என்று யோசனை சொன்னான். கிரேன் ஓட்டுகிற கைக்குப் பேனா பிடிக்க மறந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நம் பிள்ளை வி.ஏ.ஓ. ஆகிவிட்டாள் அக்கா. நம் வகையறாவில் அரசாங்க வேலைக்குப் போகிற முதல் ஆள். மச்சான் தவறினபோது ஆறாம் வகுப்பில் இருந்தாள். இவள் படிப்பு என் பொறுப்பு என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன், கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்கவில்லை. இன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். கேம்ப்பில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். பாகிஸ்தான்காரர் ஒருவர் இரண்டாவது லட்டு கேட்டு வாங்கினார்.

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஆர்டரைக் கையில் பிடித்து நிற்கிறாளே, நீ போன மாதம் அனுப்பிய படம், அதை என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறேன். சும்மா படம் மட்டும் இல்லை. ஆர்டரை எழுத்துத் தெரிகிற மாதிரி தனியாகப் போட்டேன். பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், வேலைக்குப் போகப்போகிற ஊர், கீரனூர் வீட்டு விலாசம் எல்லாம் விவரமாக எழுதி, வாழ்த்துச் சொல்ல விரும்புகிறவர்கள் அழைக்கலாம் என்று உங்கள் இரண்டு பேர் நம்பரையும் கொடுத்தேன். எனக்கு அங்கே ஐயாயிரம் நண்பர்கள். அதற்கு மேல் சேர்க்க முடியாதாம், அதுதான் எல்லையாம். வாழ்த்து வந்து குவிகிறது. முகம் தெரியாதவர்கள்கூட நம் பிள்ளையை வாழ்த்துகிறார்கள்.

உடனே பதில் போடு. இல்லாவிட்டால் லீவு போட்டுக் கிளம்பி வந்து வாசலில் நிற்பேன்.

உன் தம்பி,
உதயசூரியன்

*

கீரனூர்
28.6.2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள் என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. இலக்கியா நம்பரை மாற்றிவிட்டாள், புது நம்பர் ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் என்கிறாள். புதுப் போன் வாங்கி அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. கடுதாசி நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நீ பேசுவாய், நான் ம் கொட்டுவேன், வைத்துவிடுவோம். இதில் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே வர முடியாது.

இலக்கியா செம்பூத்துப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பஸ் மாற வேண்டும். தலையாரி நாகராசு என்று ஒருவர் இருக்கிறார், ஊர் முழுக்க அவருக்கு அத்துப்படி. முதல் நாள் அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தாராம். அவளுக்குக் கூச்சமாகப் போய், "ஒக்காருங்கண்ணே, நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது" என்றாளாம். அவர்தான் ஆபீஸ் வாசலில் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உனக்காக ஒரே ஒரு பிரிண்ட். போனில் இருந்ததையும் இலக்கியா அழித்துவிட்டாள்.

இன்னொன்று. அந்தப் பச்சைச் சேலைப் படத்தையும் மற்றதையும் உன் பக்கத்தில் இருந்து எடுத்துவிடேன். ஊர்க்கண் பொல்லாதது. அதைப் போட்ட நாளில் இருந்து பிள்ளைக்குச் சரியான தூக்கம் இல்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். எடுத்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
செல்வராணி

*

துக்ம்
17.7.2024

அக்காவுக்கு,

வணக்கம். கடுதாசி கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் சௌக்கியம். தலைக்குத் துணியும் கட்டுகிறேன், நம்பு.

கண்ணாம் கண்ணு. செவ்வாய்க்கிழமை மிளகாயும் உப்பும் வைத்து அவளுக்குச் சுற்றிப் போடு. வாசலில் பூசணிக்காய் கட்டு. அதை விட்டுவிட்டுப் படத்தை எடு என்கிறாயே. இன்னும் அதற்கு வாழ்த்து வந்துகொண்டே இருக்கிறது. நேற்றுகூட ஒருவர், "செம்பூத்துப்பட்டியில் எந்தத் தெரு பக்கம் ஆபீஸ்?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அக்கா, உனக்குப் புரியாது. இங்கே எனக்கு என்ன இருக்கிறது? காலையில் கிரேன், பொழுது சாய்ந்தால் ஏசி அறை, சுற்றி மணல். இவ்வளவு வருஷம் என்ன சம்பாதித்தாய் என்று ஒருவன் கேட்டால் காட்டுவதற்கு எனக்கு இருக்கிறது இலக்கியா ஒருத்திதான். அதைக் காட்டாதே என்றால் நான் எதைக் காட்டுவது?

பெயர்ப் பலகைப் படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். என்ன நிமிர்வு பார். மச்சான் நிற்கிற மாதிரியே நிற்கிறாள்.

உன் கடுதாசியில் மூன்று இடத்தில் எழுதி அடித்திருக்கிறாய். நீ அடித்துத் திருத்துகிற ஆள் இல்லையே. என்ன விஷயம்?

பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
உதயசூரியன்

*

கீரனூர்
6.8.2024

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு மூட்டுவலி மட்டும்தான், அது பழகிவிட்டது. நீ கேட்டுவிட்டதால் சொல்கிறேன். பதறாமல் படி.

ஃபேஸ்புக்கில் எவனோ இலக்கியா பெயரில், இலக்கியா படத்தோடு ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறான். வி.ஏ.ஓ. என்று போட்டு, செம்பூத்துப்பட்டி ஆட்களாகத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறான். "பட்டாவில் பெயர்ப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன். ஆதாரைப் படம் பிடித்து அனுப்புங்கள், போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறான். வி.ஏ.ஓ. அம்மாவே கேட்கிறார்களே என்று ஜனங்களும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் வாட்ஸ்அப் எல்லாம் வேறு எவன் கைக்கோ போய்விட்டது. அவர்கள் பெயரில் சம்பந்தி வீட்டுக்கும் கொழுந்தனார் வீட்டுக்கும் கண்டபடி செய்தி போகிறது. குடும்பத்துக்குள் சண்டை.

சின்னப்பிள்ளை என்று ஒரு அம்மா, ஆபீஸ் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

"ஏம்மா, நீதானே போன்ல நம்பர் கேட்ட? படிச்ச புள்ள பண்ற வேலையா இது?"

"நான் கேக்கலம்மா."

"ஒம் மூஞ்சியப் பாத்துத்தானே குடுத்தேன். மூஞ்சி பொய் சொல்லுமா?"

இலக்கியா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அப்பா செத்ததற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். தாசில்தார் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். அவளோ இப்போதுதான் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விளக்கம் சரியில்லை என்று ஆகிவிட்டால் வேலைக்கே ஆபத்து.

படம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதே. போனது போய்விட்டது. அவள் புது நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு.

அக்கா செல்வராணி

*

துக்ம்
24.8.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

இலக்கியாவைக் கூப்பிட்டேன். "நல்லாருக்கேன் மாமா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். அந்தக் குரல் என் பிள்ளையின் குரலாகவே இல்லை.

எந்த நாய் அக்கா இதைச் செய்தது? ஏமாற்றியவனை விடு, அவன் தொழில் அது. அவன் கையில் நம் பிள்ளை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் ஒருவன் இருப்பான் இல்லையா? அவனைச் சொல்கிறேன். ஆபீஸில் பொறாமை பிடித்தவனாக இருக்கும். இல்லாவிட்டால் கூடப் படித்தவனாக இருக்கும். அவன் மட்டும் என் முன்னால் வந்தால் கையை முறித்து அடுப்பில் வைப்பேன். ஒரு பெண்பிள்ளை விவரத்தை வெளியே விடுகிறவன் மனுஷனா?

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நேற்று என் பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டேன். "மக்களே ஏமாறாதீர்கள். அது போலி. உண்மையான இலக்கியா இவர்தான்" என்று, பெயர்ப் பலகைப் படத்தைப் போனில் பிடித்துப் போட்டு, அவளுடைய சரியான நம்பரையும் ஆபீஸ் நேரத்தையும் கொடுத்திருக்கிறேன். எது நிஜம் என்று தெரிந்தால்தானே பொய் எது என்று தெரியும். அடைக்கலம், "வேணாம்ணே" என்று முனகினான். "ஒனக்கு என்னடா தெரியும்" என்று வாயை அடைத்தேன். முந்நூறு பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

அவளைத் தைரியமாக இருக்கச் சொல். அவள் பின்னால் மாமன் நிற்கிறான்.

உதயசூரியன்

*

கீரனூர்
7.9.2024

அன்புத் தம்பிக்கு,

இன்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடிக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள். உன்னிடம் இருந்து இந்த மாதம் இன்னும் ஒன்றும் வரவில்லை. அதற்குள் நானே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

வியாழக்கிழமை காலையில் இலக்கியா, "வாம்மா, எங்கூட" என்றாள். செம்பூத்துப்பட்டிக் கண்மாயில் நூறு நாள் வேலை நடக்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான். தலையாரி நாகராசு முன்னால் போய்த் தகவல் சொல்லிவிட்டார். நான் கரையில் ஒதுங்கி நின்றேன்.

கையில் மெமோவை எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு நடுவில் நின்று, முழுதாகப் படித்துக் காட்டினாள். தன் பேரில் வந்த குற்றத்தைத் தன் வாயால் வாசித்தாள் தம்பி. பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இதுதான் எம்மேல வந்த புகார். நான் கேக்கல. இனிமேலும் கேக்க மாட்டேன். ஒங்ககிட்ட ஒரு விவரம் வேணும்னா ஆபீஸுக்குக் கூப்புட்டு, மூஞ்சியப் பாத்துக் கேப்பேன். போன்ல எம் படத்தோட யாரு கேட்டாலும், அது நானே ஆனாலும், குடுக்காதீங்க."

சின்னப்பிள்ளை எழுந்து, "அப்ப அந்தப் பக்கம் இன்னும் இருக்குல்ல. அத என்ன பண்றது?" என்றார்.

"நீங்கதான் பண்ணணும். நான் ஒருத்தி சொன்னா கேக்க மாட்றாங்க. போன் வச்சிருக்கவங்க எல்லாரும் சேந்து சொன்னாக் கேப்பாங்க."

அப்புறம் ஒரு கூத்து. அத்தனை பேரும் மடியில் இருந்து போனை எடுத்தார்கள். "எங்கிட்டு அமுக்கணும்?" "அந்த மூணு புள்ளி இருக்குல்ல, அங்கிட்டு." "எனக்குப் புள்ளியே காணோம்டி." "கண்ணாடியப் போடு மொதல்ல." போலிக் கணக்கு என்று ஒருவர் விடாமல் புகார் அமுக்கினார்கள். ஏமாந்தவர்கள் எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்து, சைபர் கிரைம் புகார் எண் 1930-க்குப் போன் போட வைத்தாள். ஆதாரை எப்படிப் பூட்டிவைப்பது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கம் இல்லை. சின்னப்பிள்ளை ஆபீஸுக்கு வந்து ஒரு பை வெண்டைக்காயை மேசையில் வைத்து, "ஒங்கம்மாகிட்ட குடு" என்றுவிட்டுப் போனாராம். அன்றைக்கு வீட்டில் வெண்டைக்காய்க் குழம்பு.

இவளைப் பெற்றதற்கு நான் என்ன செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மெமோவுக்கு விளக்கம் மட்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்துவிடுவாள்.

உன் அக்கா,
செல்வராணி

*

கீரனூர்
23.9.2024

தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

24ஆம் தேதியிட்ட உன் கடுதாசி வந்தது. அடுத்த வாரமே இன்னொரு பக்கம் முளைத்துவிட்டது. இலக்கியா பெயர், இலக்கியாவின் புது நம்பர், ஆபீஸ் நேரம். படம், பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற படம். அது உன் ஒருவனிடம் மட்டும் இருந்தது உதயா.

முதல் பக்கத்தில் இருந்தது பச்சைச் சேலைப் படம்.

என் போன் தொட்டியில் விழவில்லை. நீ நம்பரைப் போட்ட மறுநாளில் இருந்து ராத்திரி பகல் பார்க்காமல் கண்டவனும் கூப்பிட்டான். சிம்மைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கண் படும் என்று எழுதினேன். நீ சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தாய்.

விவரத்தை வெளியே விட்டவன் கையை முறிப்பேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரி இலக்கியா கண்ணில் படாமல் மடித்து வைத்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. அவள் கொடுத்த விளக்கத்தைத் தாசில்தார் திருப்பி அனுப்பிவிட்டார். இவள் ஆர்டர் வெளியே எப்படிப் போனது, யார் போட்டது என்று பெயரோடு எழுதச் சொல்கிறார். இவளே கொடுத்திருந்தால் குற்றம் இவள் மேல். இவள் எழுத மாட்டேன் என்கிறாள்.

"ஏன்டி, ஒரு பேர எழுதுனாத் தீந்துச்சு."

"மாமா பேரு என் ஃபைல்ல குத்தமா ஏற வேணாம்மா. அவரு சந்தோசத்துல செஞ்சது. நான் பாத்துக்குறேன். அவருகிட்ட சொல்லாத, ஒடஞ்சு போயிருவாரு."

சொல்லாதே என்றாள். நான் சொல்லிவிட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், உன்னையும் சேர்த்து. ஒன்றைக் காப்பாற்ற ஒன்றை நோகடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்தை மூடு.

அக்கா

*

கீரனூர்
29.10.2024

அன்புத் தம்பிக்கு,

நாளை மறுநாள் தீபாவளி. நல்லெண்ணெய் கிடைத்தால் தலைக்குத் தேய்த்துக் குளி. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. இலக்கியா இரண்டு தடவை கூப்பிட்டாள், நீ எடுக்கவில்லை. உன் பக்கத்தைத் தேடிப் பார்த்தாள், அப்படி ஒன்றே இல்லை என்று வருகிறதாம்.

கோபமாக இருந்தால் கோபம் என்று எழுது. திட்டி எழுது. வெற்றுத் தாளையாவது மடித்துப் போடு, நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

உன் பங்கு அதிரசத்தை டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா செல்வராணி

*

துக்ம்
20.11.2024

அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். இப்போது பரவாயில்லை என்று எழுதலாம்.

உன் செப்டம்பர் 23ஆம் தேதிக் கடுதாசியை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அன்றைக்குக் கிரேனில் ஏறவில்லை. தலைசுற்றல் என்று சொல்லிவிட்டேன். கையை முறிப்பேன் என்று எழுதிய அதே கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடைக்கலம் என்னண்ணே என்று கேட்டான். கடுதாசியை அவனிடமே கொடுத்துவிட்டேன், என்னால் சொல்ல முடியவில்லை. கேம்ப்பில் நான் அழுததை அவன் மட்டும்தான் பார்த்தான்.

அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை காட்டினான். ஒன்பது வருஷம் அக்கா. யூனிஃபார்மோடு அவள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற படம். பரீட்சை ஹால் டிக்கெட். அவள் தினமும் ஏறுகிற திருச்சி பஸ்ஸின் படம், நேரத்தோடு. அவள் ஹாஸ்டலுக்குப் போன அன்று, "இனி வீட்டில் அக்கா மட்டும் தனியாக" என்று எழுதி நம் வீட்டுக் கதவைப் போட்டிருக்கிறேன். எந்தத் திருடனுக்கும் இதைவிட உதவி யாரும் செய்ய முடியாது. அந்த ஐயாயிரம் பேரில் எனக்கு முகம் தெரிந்தவர்களை எண்ணிப் பார்க்கச் சொன்னான். முப்பதைத் தாண்டவில்லை.

ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு பக்கத்தையே மூடினேன். "மூடுனாலும் போனது போனதுதாண்ணே. ஆனா இனிமே புதுசா ஒண்ணும் கெடைக்காது அவனுக்கு" என்றான் அடைக்கலம்.

உன் மேல் எனக்குக் கோபமும் உண்டு. முதல் நாளே, "அடே மடையா, படத்தை எடு, போன் தொல்லை தாங்கவில்லை" என்று எழுதியிருந்தால் எடுத்திருப்பேன். கண், திருஷ்டி என்று என்னைச் சின்னக் குழந்தையாக்கிவிட்டாய். உடைந்துபோகிற ஆள் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னை நினைத்தது அதைவிட வலித்தது. அதனால்தான் எழுதவில்லை.

தாசில்தாருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். எந்தத் தேதியில் எதைப் போட்டேன், யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை, என் மருமகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதையும் அவளைக் கேட்காமல்தான் செய்தேன். இது ஒன்றுக்கு மட்டும் மன்னிக்கச் சொல்.

ஆர்டரைக் காட்டி ஊரெல்லாம் பெருமை பேசினேன். அது பரீட்சையில் தேறிய எல்லோருக்கும் வருவதுதான். வேலையே போனாலும் மாமன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நின்றாளே, அதற்கு எனக்கு வருகிற பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை அக்கா. சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருக்கிறது.

அதிரசத்தைத் தின்றுவிடாதே.

தம்பி உதயசூரியன்

*

கீரனூர்
5.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இலக்கியாவின் வணக்கமும் பொங்கல் வாழ்த்தும். அம்மா நன்றாக இருக்கிறார். அதிரசம் இல்லை, நான் தின்றுவிட்டேன்.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் கோபம் இருந்தது. ஜூன் மாதம் முழுக்க உங்கள் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்டில் நீங்கள் கூப்பிட்டபோதும், பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் உடனே வைத்தேன். ஆனால் அந்தக் கோபத்தை உங்களிடம் காட்டலாமே தவிர, இன்னொருவரிடம் எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை.

உங்கள் கடிதம் தாசில்தாருக்குப் போய்ச் சேர்ந்தது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, படிக்கக் கொடுத்தார். நான்கு பக்கம். "இப்படித் தன் தப்பைத் தானே எழுதிக் குடுக்குற மாமா எத்தனை பேருக்கும்மா இருக்காரு?" என்றார். எனக்கு மட்டும்தான் சார் என்றேன். மெமோவைக் கைவிட்டுவிட்டார்கள், உத்தரவு கையில் வந்துவிட்டது. இரண்டாவது பக்கத்தைப் போலீஸில் சொல்லி எடுக்கவைத்தாயிற்று. ஆள் இன்னும் சிக்கவில்லை. எங்கேயோ வட மாநிலத்து நம்பர் என்கிறார்கள். சின்னப்பிள்ளையம்மா இப்போது போனில் எது வந்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார். பேரன் அனுப்பிய குட்மார்னிங்கைக்கூட.

இன்னொரு செய்தி. கண்மாய்க்கரையில் செய்ததை மற்ற ஊர்களிலும் செய்யச் சொன்னார்கள். ஏழெட்டு ஊருக்குப் போய்வந்தேன். குடியரசு தினத்தன்று புதுக்கோட்டையில் கலெக்டர் கையால் எனக்கு நற்சான்றிதழ் தரப்போகிறார்கள். இருபத்தாறாம் தேதிவரை வெளியே தெரியக் கூடாது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தது அம்மாவுக்கு மட்டும். அடுத்தது நீங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள்,
இலக்கியா

*

துக்ம்
20.1.2025

என் தாயி இலக்கியாவுக்கு,

மாமா நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். அம்மா மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ஒழுங்காகத் தேய்த்துவிடு.

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே இறங்க அரை மணி நேரம் ஆனது. ஃபோர்மேன் ரேடியோவில் கத்தினார், காற்று அதிகம் என்று சொல்லிவிட்டேன். காற்றே இல்லை.

கலெக்டர் கையால் என் பிள்ளை வாங்கப்போகிறாள் என்று அந்த உயரத்தில் இருந்து கத்த வேண்டும் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கிறவன் எல்லாம், என்ன உதயசூரியன், ஊரில் இருந்து நல்ல சேதியா என்கிறான். மழை பெய்ததாம் என்கிறேன். ஜனவரியில் என்ன மழை என்று யாரும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடைக்கலத்திடம் மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா? நான் அழுதபோது பக்கத்தில் இருந்தவன். அவன் வாய் திறக்க மாட்டான், அதற்கு நான் பொறுப்பு.

இந்தக் கடுதாசி உன் கைக்கு வந்து, நீ பதில் எழுதி, அது இங்கே வந்து சேர்வதற்குள் இருபத்தாறாம் தேதி எப்போதோ முடிந்துவிடும். பேப்பரில் உன் படமே வந்துவிடும், அடைக்கலம் எனக்கு முன்னால் படித்தும்விடுவான். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னுடைய விஷயம். நீ சரி என்று எழுதிய பிறகு அவனிடம் சொல்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மாமா உதயசூரியன்